கூடி வைத்தியம் செய்தலும் நம் மாணாக்கர் பயிற்சியும்

வைத்தியம் என்பது வைத்தியர் ஒருவரால் மாத்திரம் நடைபெறுவதன்று என்பதைத் தமிழ் மக்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை ஓதியவர் அதன் இறுதிக் குறளை மறந்திரார். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிலிருந்து துணைசெய்வோன் என்னும் நான்கையும் ஆசிரியர் அங்கே ஒருங்கு வைத்து எண்ணுகின்றார். இவற்றுள் முதல் மூன்றைக் குறித்துப் பேசுவோர் பலர்; நான்காமவனைக் குறித்துப் பேசுவோர் மிகச் சிலர். அந் நான்காமவன் இக்காலத்தில் ஒருவனாய் இல்லை. தாதி, கிராம சுகாதாரச் செவிலி, உளவியலர், சமூகப்பணியாளர், வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர் எனப் பலராய்ப் பிரிந்து நிற்கின்றான். பிரிந்து நிற்பது குற்றமன்று; வேலை பெருகினால் கைகளும் பெருக வேண்டியதே. ஆயின் வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருத்தல் தருமத்திற்கு அழகாகும், வைத்தியத்திற்கு ஆகாது.

நம் கலாசாலையில் சமூகப்பணி பயிலும் மாணாக்கர் ஆண்டுதோறும் களப்பயிற்சியின் பொருட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் செல்கின்றனர். வாரத்தில் இரண்டு நாட்கள் செல்வதும், கண்டதையும் கேட்டதையும் குறிப்பேட்டில் எழுதுவதும், அக்குறிப்பேட்டை ஆசிரியர் பார்த்துக் கையொப்பமிடுவதும் வழக்கம். இவ்வழக்கத்தில் ஒரு பெருங்குறை இருக்கின்றதென்றும், அது மாணாக்கருடையதன்று, கற்பிக்கின்ற நம்முடையதே என்றும் இக்கட்டுரையிற் கூறப் புகுந்தோம். நோயாளியோடு பேசுதற்கு அவர்களுக்குக் கற்பிக்கின்றோம். வைத்தியரோடும் தாதியோடும் பேசுதற்குக் கற்பிக்கின்றோமில்லை.

நிகழ்ந்ததொன்றைச் சொல்லுவோம். ஆஸ்பத்திரியின் பெயரும் ஊரின் பெயரும் ஈண்டு வேண்டா. ஐம்பது வயதை அடுத்த அம்மாள் ஒருவர் நீரிழிவுக்கு மாத்திரை வாங்க மாதந்தோறும் பஸ் ஏறி வருவார். மாதங்கள் பல சென்றும் இரத்தத்திற் சர்க்கரை குறைந்தபாடில்லை. வைத்தியருக்கு வாயிலில் நிற்கும் கூட்டம் கண்ணில் தெரிகின்றது. மாத்திரையை ஒழுங்காய் உட்கொள்ளவில்லையென்று கடிந்து, அளவை உயர்த்தி எழுதினார். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்த தாதி, அவ்வம்மாள் மாதத்திற்கு மாதம் மெலிந்து வருவதைக் கண்டார். கண்டும், அதைச் சொல்லுதல் தம் வேலையன்று என்று இருந்துவிட்டார். நம் மாணாக்கி ஒருத்தி தாழ்வாரத்துப் பெஞ்சியில் அவரோடு முக்கால் மணி நேரம் பேசினாள். மகன் கட்டட வேலைக்கென்று பெங்களூருக்குப் போய் ஏழு மாதமாய்ச் சேதி இல்லை. புருஷன் குடியில் விழுந்து கிடக்கின்றார். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு உறக்கமில்லை. பகலில் ஒரு வேளைதான் சாப்பாடு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றுகின்றது, ஆகையால் போடுவதில்லை. இருந்து என்ன ஆகப் போகின்றது என்று ஒரு சொல்லும் இடையே வந்ததாம்.

மாணாக்கி இவையனைத்தையும் நான்கு பக்கம் எழுதினாள். எழுத்து நன்றாயிருந்தது. நாம் சிவப்பு மையால் “மிக நன்று” என்று குறித்து மதிப்பெண்ணும் இட்டோம். அடுத்த மாதம் அவ்வம்மாள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. “இதை டாக்டரிடம் சொன்னாயா?” என்று அதன் பிறகே நாம் கேட்டோம். “ஐயா, அவர் அறைக்குள் நான் எப்படிப் போவது? போகலாம் என்று யாரும் சொல்லவில்லையே” என்றாள்.

அம்மறுமொழிக்குப் பதில் நம்மிடம் இல்லை.

இந்நிகழ்ச்சியில் சோம்பேறி எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வைத்தியர் தம் கடமையைச் செய்தார், தாதியும் செய்தார், மாணாக்கியோ கற்பித்ததற்கு மேலாகவே செய்தாள். உண்மை மூன்று துண்டாய் மூவரிடம் கிடந்தது. மூன்றையும் ஒரு மேசையின்மேல் வைத்திருந்தால் அளவை உயர்த்தவேண்டிய மருந்து அதுவன்று என்பது ஐந்து நிமிஷத்தில் விளங்கியிருக்கும். சரீர நோயும் மனநோயும் வெவ்வேறு கட்டடங்களில் இருப்பனவாக நாம் பாடம் நடத்துகின்றோம். நோயாளியோ இரண்டையும் ஒரே பஸ்ஸில் சுமந்துகொண்டு வருகின்றார்.

இத்துன்பத்தை முதன்முதற் கண்டு வருந்தியவரும் ஒரு வைத்தியரே. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாஸச்சூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் காபட் என்பார், நோயைச் சரிவரக் கண்டுபிடித்து மருந்தெழுதியும் ஏழை நோயாளிகள் குணமாகாது திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, அவர்கள் வீட்டையும் வேலையையும் அறிந்து சொல்லத்தக்க ஒருவர் தமக்கருகே வேண்டுமெனத் துணிந்து 1905-ம் ஆண்டில் அவ்வேற்பாட்டைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிச் சமூகப்பணி என்னும் தொழில் பிறந்தது அவ்வாறே. ஆஸ்பத்திரியார் அதற்குத் தொடக்கத்திற் சம்பளம் கொடுத்தாரில்லை. ஆயினும் அத்தொழில் வைத்தியருக்கு எதிராகவோ அவருக்குப் பின்னாலோ தோன்றாமல், அவர் கேட்டுக்கொள்ள அவர் பக்கத்திலே தோன்றியதென்பது நம் மாணாக்கர் அறியவேண்டிய செய்தி. நம் தேசத்திலும் இக்கல்விக்கு வித்திட்டவர் ஒரு மிஷனெரியே. பம்பாயில் 1936-ல் டாட்டா தருமநிதியின் உதவியால் ஏற்பட்ட சமூகப்பணிப் பள்ளிக்குக் கிளிபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார் தலைவராயிருந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1946-ல், அந்நகரத்து ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் நியமனம் பெற்றார்.

வேலூரை எடுத்துக்கொள்வோம்; நமக்கு அது அயலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனநல வைத்தியப் பகுதியை 1957-ல் தொடங்கியவர் கனடா தேசத்து மிஷனெரியாகிய டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார். நோயாளியைச் சுவருக்குள் வைத்துப் பூட்டுவதே வழக்கமாயிருந்த அந்நாட்களில், பாகாயத்து மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உடன் தங்கவேண்டும் என்னும் முறை வேரூன்றியது. திருவள்ளுவர் எண்ணிய நான்காமவர் அங்கே தாயாகவோ தமையனாகவோ கட்டிலுக்கருகில் வந்து அமர்ந்துவிட்டார். வீட்டாரும் வைத்தியக் குழுவில் ஓரங்கம் என்பதை மேலைநாட்டார் பின்னர்ப் பெரிதும் பேசினர்; நம்மவர்க்கு அது புதிதன்று. ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி சங்கிலியிற் பிணித்திருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதை நினைக்கும்போதெல்லாம், பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேற்றுமை நம் கண்முன் நிற்கின்றது.

நிற்க. மனநல வைத்தியர்கள் போதிய தொகையினராய் இருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இல்லையென்று சிலர் கூறுவர். அவ்வாறு இல்லை என்பது தெரிந்த செய்தி. தேசிய மனநல ஆய்வு 2015, 2016-ம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாகாணங்களில் நடைபெற்றது. அதன்படி வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலானோர்க்கு ஏதேனுமொரு மனநோய் இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டு, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருந்தனர். தருமபுரி ஜில்லாவின் ஜனத்தொகை 2011-ம் ஆண்டுக் கணக்கில் பதினைந்து லட்சத்திற்குச் சற்று மேற்பட்டது. மாவட்ட மனநலத் திட்டம் என்பது 1996-ல் தேசத்தில் நான்கு ஜில்லாக்களில் தொடங்கப்பட்டுப் பின்னர்ப் பரவியது. அந் நான்கனுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அத்திட்டத்தின்படி ஒரு ஜில்லாவுக்கு மனநல வைத்தியர், உளவியலர், மனநலச் சமூகப்பணியாளர், தாதியர் என ஒரு சிறு கூட்டத்தினரே உண்டு. பதினைந்து லட்சம் பேருக்கு இவர்கள் எவ்வளவு ஓடினாலும் போதாது. ஆகவே பெரும்பாலான மனத்துன்பம் மனநல வைத்தியரிடம் வருவதில்லை. அது தலைவலியாகவும், நெஞ்சு படபடப்பாகவும், குறையாத சர்க்கரையாகவும், ஆறாத வயிற்றுப்புண்ணாகவும் வேடம் புனைந்துகொண்டு பொது வைத்தியரின் வாயிலில் வந்து நிற்கின்றது.

மற்றொன்று. முன்பு நம் ஜில்லாவில் அடங்கியிருந்து 2004-ல் பிரிந்துபோன கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்னும் ஊரிலேதான் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடக்கம் பெற்றது. அதன்படி பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாய்ச் சென்று இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கின்றனர். இவர்கள் திண்ணையில் அமர்ந்து பேசும் பத்து நிமிஷத்தில் எவ்வளவு செய்தி காதில் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள்! அச்செய்தியை யாரிடம் சொல்வதென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கேட்பவர்க்கும் அதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வேண்டும்.

கூடிச் செய்யும் வைத்தியத்தால் நோயாளிக்கு நன்மை உண்டென்பது வெறும் நல்லெண்ணத்தின் பாற்பட்டதன்று. சோதித்துக் கண்ட செய்தியாகும். கோவாவில் மானஸ் என்னும் பெயரால் நடந்த ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. மனநலக் கல்வி ஏதுமில்லாத உள்ளூரார் சிலரைத் தெரிந்தெடுத்து, சிலகாலம் பயிற்சியளித்து, பொது வைத்தியரோடும் அவ்வப்போது வந்து செல்லும் மனநல வைத்தியரோடும் இணைத்து வைத்தார்கள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வும் மனக்கவலையும் உற்றோர் இம்முறையால் மற்றையோரினும் மிகுதியாய்க் குணமடைந்தனர். தனியார் வைத்தியரிடத்தில் அவ்வளவு வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது. சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களின் நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி 2020-ல் வெளிவந்தது. நீரிழிவோடு மனச்சோர்வும் உற்ற 404 பேர் அதிற் சேர்ந்திருந்தனர். வைத்தியரல்லாத பராமரிப்பாளர் ஒருவர் நோயாளியைத் தொடர்ந்து கண்டு பேசுவார். குறித்த காலங்களில் நோயாளிகளின் நிலையை நிபுணரோடு கலந்து ஆராய்வார். முடிவை நோயாளியின் வைத்தியர்க்குத் தெரிவிப்பார். ஈராண்டு முடிவில் மனச்சோர்வும் தணிந்தது, சரீர நிலையும் சீர்ப்பட்டது. நாம் மேலே சொன்ன அம்மாளின் கதையை இதனோடு வைத்துப் பார்க்கும்போது, அப்பராமரிப்பாளரின் நாற்காலியில் நம் மாணாக்கியைத்தான் அமர்த்திப் பார்க்கின்றோம். அவளிடம் இல்லாதது திறமையன்று, அந்த நாற்காலி.

வெளியூர்க் கதை போதும். நம் ஜில்லாவிற்கே வருவோம். அரூர்ப் பகுதியில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கி என்னும் பள்ளத்தாக்கு இருக்கின்றது. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் அங்கே வாழ்கின்றனர். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்னும் வைத்தியத் தம்பதிகள் 1993-ல் அங்குக் குடிபுகுந்து ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் செய்யத் தொடங்கினார்கள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்கு முன் இறந்துபோன இடம் அது. அவர்கள் பட்டணத்திலிருந்து தாதிகளை அழைத்து வர முயன்று காலம் போக்கவில்லை. அம்மலைப் பெண்களையே தெரிந்தெடுத்துப் பயிற்றினர். ஊர்களிலிருந்த முதிய பெண்டிர் தங்கள் ஊர்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்து வந்து சொல்லும் சுகாதாரத் துணைவியராயினர். சிசு மரணம் ஆயிரத்திற்கு இருபது என்னும் அளவிற்குக் குறைந்தது. டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் அந்நிறுவனத்தை அறியாதார் நம் ஜில்லாவில் இருக்கலாகாது.

சிட்லிங்கியிலிருந்து நாம் கற்கவேண்டியது ஆஸ்பத்திரிக் கட்டடத்தை அன்று. அங்கே வைத்தியர் சொல்ல மற்றவர் கேட்டதோடு நிற்கவில்லை. மற்றவர் சொல்ல வைத்தியரும் கேட்டார். எழுத்துக் குறைவாயறிந்த ஒரு மூதாட்டி, இன்ன வீட்டில் மருமகள் சாப்பிடுவதில்லை என்று வந்து சொன்னால் அது வைத்தியச் செய்தியாய் மதிக்கப்பட்டது. கேட்கக் கேட்க, நோயின் வேர் நிலத்திலும் கடனிலும் கூலிக்கு வெளியூர் போவதிலும் இருப்பது தெரியவந்தது. ஆகவே அங்கே இயற்கை வேளாண்மை செய்வோர் சங்கம் ஏற்பட்டது. லம்பாடிப் பெண்களின் தையல் வேலைப்பாட்டை மீட்டெடுக்கும் போர்கை என்னும் சங்கமும் ஏற்பட்டது. வைத்தியர் வயலைப் பற்றிப் பேசுவது வரம்பு மீறுதல் என்று எவரும் நினைக்கவில்லை. சமூகப்பணி என்று பெயரிட்டு வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுப்பதை அவர்கள் பெயரிடாமல் செய்து முடித்தனர்.

இனித் தருமபுரிப் பட்டணத்தைப் பாருங்கள். அரசாங்க மருத்துவக் கல்லூரி 2008 முதல் இங்கே நடைபெறுகின்றது. தாதிப் பயிற்சி பெறுவோர் இருக்கின்றனர். கலைக் கல்லூரிகளில் சமூகப்பணியும் உளவியலும் பயில்வோர் இருக்கின்றனர். ஒரே டவுன் பஸ்ஸில் இவர்கள் தோளோடு தோள் உராய்ந்து போகின்றனர். ஒரே கடையில் தேநீர் அருந்துகின்றனர். ஒரே அறையில் ஒரு நோயாளியைக் குறித்து ஒருமுறையேனும் பேசினார்களா என்றால் இல்லை. காரணம் பகையன்று. மருத்துவம் பயில்வோர் சென்னையிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். கலைக் கல்லூரியார் சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பாடத்திட்டம் வேறு, பரீட்சைக் காலம் வேறு, விடுமுறையும் வேறு. இருபத்திரண்டு வயதில் ஒருவரையொருவர் பாராதிருந்தவர்கள், முப்பது வயதில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலைக்கு அமர்ந்த அன்றே நண்பராய்க் கூடி நோயாளிக்குத் துணைசெய்வார் என்று எதிர்பார்க்கின்றோம். பறை கொட்டத் தனியே பழகியவனையும் நாதசுரம் ஊதத் தனியே பழகியவனையும் கலியாண நாளன்று பந்தலில் முதன்முதலாய்ச் சேர்த்து வைத்தால் தாளம் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டா.

உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் வெளியிட்ட ஏற்பாடொன்றில், பல தொழில் பயில்வோர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டுமென்ற கருத்து வற்புறுத்தப்பட்டுள்ளது. நம் தேசத்திலும் 2021-ல் நிறைவேறிய சட்டமொன்று, மருத்துவத்தைச் சார்ந்த தொழிலினர் வரிசையில் உள்ளத்தையும் நடத்தையையும் பற்றிப் பணிபுரிவோரையும் சேர்த்தெண்ணுகின்றது. சட்டம் ஒரு வரிசையில் நிறுத்தும். பழக்கம் வேண்டுமாயின் கலாசாலைதான் முயலவேண்டும்.

முயல்வது எவ்வாறு? பெரிய கட்டடமோ பெரும் பொருளோ இதற்கு வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், மருத்துவ மாணாக்கர் இருவர், தாதிப் பயிற்சியினர் இருவர், சமூகப்பணி மாணாக்கர் இருவர், உளவியல் மாணாக்கர் இருவர் ஒரு மேசையைச் சுற்றி அமரவேண்டும். பெயரும் ஊரும் நீக்கிய ஒரு நோயாளியின் வரலாறு முன்வைக்கப்படும். முதலில் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை மாத்திரம் மூன்று நிமிஷத்திற் சொல்லுதல் வேண்டும். இம்மூன்று நிமிஷ நிபந்தனையை நாம் வேண்டுமென்றே வற்புறுத்துகின்றோம். நம் மாணாக்கர் நான்கு பக்கம் எழுத வல்லர். நான்கு வாக்கியத்திற் சொல்ல வல்லரல்லர். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் வைத்தியருக்கு நான்கு பக்கம் கேட்க நேரமில்லை என்பதைக் குறை கூறிப் பயனென்ன? “இவர் ஒரு வேளைதான் சாப்பிடுகின்றார், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றுவதால் போடுவதில்லை, இரவில் உறக்கமில்லை, வாழ்வில் வெறுப்பாய்ப் பேசினார், இன்றே கவனிக்க வேண்டும்.” இவ்வளவுதான். அன்று அந்நான்கு வாக்கியம் சொல்லப்பட்டிருக்குமாயின்!

மொழியும் ஒரு தடை. மருத்துவ மாணாக்கர் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவைப் பற்றிப் பேசும்போது நம்மவர் விழிக்கின்றனர். நம்மவர் குடும்பச் சூழல், சமூக ஆதரவு என்று பேசும்போது அவர்கள் கொட்டாவி விடுகின்றனர். ஒருவர் தொழிலின் பத்துப் பதினைந்து சொற்களை மற்றவர் அறிந்தால் போதும், பாதித் தடை நீங்கும். இதில் வெட்கம் கூடாது. விளங்காத சொல்லை உடனே கேட்பவர்க்கு ஒரு மதிப்பெண் கூடுதலாய்க் கொடுக்கலாம் என்பது நம் எண்ணம்; நம் சக ஆசிரியர் சிலர் இதைக் கேட்டு நகைத்தனர், நகைக்கட்டும்.

கற்பிக்க மிகக் கடினமானது மாறுபட்ட கருத்தை மரியாதை குன்றாமற் சொல்லுதல். நம் நாட்டிலே பெரியவர் முன் வாய் திறவாதிருத்தல் அடக்கம் எனப்படும். வீட்டில் அது அழகாயிருக்கலாம். ஆஸ்பத்திரியில் தாதி கண்டதைச் சொல்லாதிருப்பதும் மாணாக்கி கேட்டதைச் சொல்லாதிருப்பதும் அடக்கமன்று. உண்மையைச் சொல்லிவிடுவோம்: இந்த மௌனத்தில் அடக்கம் பாதிதான், மற்றப் பாதி தொழில்களுக்குள் நாம் வைத்திருக்கும் மேல் கீழ் என்னும் வரிசை. சாதி ஒழிய வேண்டுமென்று மேடையிற் பேசும் படித்தவர்கள் இந்த வரிசையை மாத்திரம் கோட்டின்மேலும் வெண்சட்டையின்மேலும் பத்திரமாய் அணிந்து நடக்கின்றனர். ஒரு சரீரத்தில் அவயவங்கள் பல என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையாருக்கு எழுதிய நிருபத்தை நம் ஆலயத்தில் ஆண்டுக்கு எத்தனை முறை வாசிக்கின்றோம்! ஆலயத்திற்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே இரண்டு பர்லாங்கு தூரங்கூட இல்லை.

இதற்கு எழும் ஆட்சேபங்களையும் அறிவோம். சமூகப்பணியாளர் வைத்தியரோடு ஒட்டிக்கொண்டால் நாளடைவில் அவருக்கு எடுபிடியாய்ப் போவார் என்பது நம் துறை நண்பர்களின் அச்சம். அச்சம் வீணன்று, சீட்டு எழுதவும், ரேஷன் அட்டை நகலெடுத்து வரவும் நம் மாணாக்கரை ஏவிய இடங்களை நாமும் கண்டிருக்கின்றோம். ஆயின் ஒதுங்கி நிற்பதால் அது தீருமா? சென்னையில் குடிநோயாளிகளின் பொருட்டு டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை 1980-ல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மையார் வைத்தியரல்லர், சமூகப்பணி பயின்றவர். வைத்தியரும் தாதியரும் ஆலோசகரும் குடும்பத்தாரும் சேர்ந்து குடிநோயைக் குணப்படுத்தும் அந்நிலையத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். தம் வேலை இன்னதென்று திடமாய் அறிந்தவர் பிறரோடு கூடுவதால் சிறியராவதில்லை. அறியாதவரோ தனியே நின்றாலும் எடுபிடிதான்.

மற்றோர் ஆட்சேபம் இரகசியத்தைப் பற்றியது. இதை நாம் எளிதாய்த் தள்ளோம். நோயாளி ஒருவரிடம் நம்பிச் சொன்னதை எட்டுப் பேர் நடுவில் வைப்பது நியாயமா? மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி மறுவருஷம் அமலுக்கு வந்தது. நோயாளியின் இரகசியத்தைக் காத்தல் அதன்படி கடமை. சிகிச்சையின் பொருட்டு மற்ற மனநலத் தொழிலினர்க்குச் சொல்லுதற்கு இடமும் அது தருகின்றது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் எனக் கொண்டு அவரைத் தண்டியாமல் பராமரிக்க வேண்டுமென்பதும் அச்சட்டமே. இவற்றையெல்லாம் பரீட்சைக்குப் பாடமாய் ஒப்புவிக்கின்ற நம் மாணாக்கர்க்கு, அவ்வம்மாளின் புருஷன் குடிப்பதைத் தாதியிடம் சொல்லலாமா, அவர் அவ்வூர்க்காரராயிருந்தால் என் செய்வது, நோயாளியின் சம்மதத்தை எந்தச் சொற்களாற் கேட்பது என்பன தெரியா. எதைச் சொல்லவேண்டும், எதைத் தன் நெஞ்சிலேயே வைக்கவேண்டும் என்பதைப் புஸ்தகம் கற்பிக்காது. மேசையைச் சுற்றி அமர்ந்து, தவறு செய்து, திருத்தப்பட்டுத்தான் கற்கவேண்டும். அத்தவறு வகுப்பறையில் நேரட்டும். வார்டில் நேர வேண்டா.

மருத்துவ மாணாக்கர்க்கு நேரமில்லை என்று அவர்கள் ஆசிரியர் ஒருவர் நம்மிடம் சொன்னார். நேரமில்லை என்பது மெய்யே. அவரே சற்றுப் பொறுத்து, தாம் பயின்ற காலத்தில் நோயாளியின் வீட்டைப் பார்த்தது ஒரே முறைதான் என்றும், அவ்வீட்டின் அடுப்பு இன்னும் நினைவில் இருக்கின்றதென்றும் கூறினார். நாம் அதற்குமேல் வாதிடவில்லை.

வேலைக்கு இடம் எங்கே என்னும் கேள்விக்கு மாத்திரம் நம்மிடம் முழு விடை இல்லை. ஒரு ஜில்லாவின் மனநலத் திட்டத்திற்கு மனநலச் சமூகப்பணியாளர் பதவி விரல்விட்டு எண்ணத்தக்கது. அதற்கும் முதுகலைக்கு மேற்பட்ட படிப்பைச் சட்டம் கேட்கின்றது. நம் மாணாக்கரிற் பெரும்பாலோர் அப்பதவிக்குப் போகப் போவதில்லை. பள்ளிக்கூடங்களிலும், குழந்தைகள் நலத் துறையிலும், தொண்டு நிறுவனங்களிலும், பஞ்சாலைகளிலும் அமர்வார்கள். அங்கெல்லாங்கூட நாள்தோறும் யாராவது ஒருவர் தூக்கமின்றி வந்து நிற்பார். அவரை எந்த வாசலுக்கு, எந்தச் சொல்லோடு அனுப்புவதென்று இவர்களுக்குத் தெரிந்திருக்குமல்லவா? ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் தொலைபேசியில் நான்கு வாக்கியம் பேசும் துணிவு பதவியைச் சார்ந்ததன்று.

ஆகவே நம் முதல்வர் அவர்களையும் ஆட்சிக் குழுவினரையும் நாம் வேண்டிக்கொள்வது இது. வருகிற கல்வியாண்டில் வியாழக்கிழமை பிற்பகலில் ஓர் அறை, எட்டு நாற்காலி, மருத்துவக் கல்லூரிக்கும் தாதிப் பள்ளிக்கும் நம் கலாசாலையின் பெயரால் ஒரு கடிதம், வருவோர்க்குத் தேநீர். பாடத்திட்டத்தில் இடம் கிடைக்கும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. களப்பயிற்சி நேரத்திலேயே இதைக் கணக்கிடலாம். முதல் வாரத்திற்குரிய வரலாறு நம்மிடம் இருக்கின்றது. பெயர் நீக்கி, நான்கு பக்கத்தை நான்கு வாக்கியமாக்கி, அம்மாணாக்கியே மறுபடி எழுதித் தந்திருக்கின்றாள். அதற்கு நாம் இன்னும் மதிப்பெண் இடவில்லை.